தேறாத நாயும் பிரேக் அக்காவும்

கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதற்கு அவள் அதிகம் வேலை வைப்பதில்லை. "எங்க பாக்குற? ரோடு உன் மடியிலயா கெடக்கு?" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், வண்டி தானாக நின்றுவிடும். அந்த வாய்க்குப் பயந்து பாதியிலேயே ஓடிப்போனவர்கள் உண்டு. தாக்குப்பிடித்தவர்கள் பிற்பாடு எந்த நெரிசலிலும் பதற மாட்டார்கள். அவளிடம் திட்டு வாங்கிப் பழகிய காதுக்கு லாரிக்காரன் ஹாரன் எல்லாம் தாலாட்டு.

ஐம்பதைத் தாண்டியவள். டிரைவிங் ஸ்கூலில் போன் எடுத்துப் பேசும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று முதலாளி பேச்சுவாக்கில் சொல்ல, "ஏன், ஆம்பளைங்களுக்கு நான் சொல்லிக்குடுத்தா கியர் விழாதா?" என்று எகிறினாள். அன்றிலிருந்து இரண்டு தரப்பும் அவள் கையில். குழந்தைகள் இல்லை. கணவர் கண்ணாடி அறுக்கும் கடையில் வேலை பார்ப்பவர். சத்தமாகப் பேசினால் எதிலாவது விரிசல் விழுந்துவிடும் என்பதுபோல எப்போதும் மெதுவாகவே பேசுவார். வீட்டில் அவருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து அவளே பட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே தம்பி. பெயின்ட் கடை வைத்திருந்தான். குளியலறைக் கதவுக்கு அடிக்க ஒரு டின் வாங்கலாம் என்று ஒரு நாள் காலை வகுப்பு முடிந்ததும் நேராகப் பயிற்சிக் காரிலேயே அவன் கடைக்குப் போனாள். தம்பி வாடிக்கையாளரிடம் நிற அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய மாமனார் விசிறிக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை டின்கள் பின்கட்டில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளலாம் என்று போனாள்.

பின்கட்டில் காலி டிரம்களுக்கு நடுவே ஒரு நாய் சங்கிலியில் நின்றுகொண்டிருந்தது.

அதைக் குட்டியாக இருந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். போலீஸ் நாய் ஜாதி. தம்பி ஆசை ஆசையாக வாங்கி, டைகர் என்று பேர் வைத்து, தோளில் போட்டுக்கொண்டு திரிந்தான். இப்போது அதற்கு இரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. காது மட்டும் வளர்ந்திருந்தது. மற்றதெல்லாம் கரைந்துபோயிருந்தது. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டு, கொடியில் போட்ட ஈரச்சட்டை மாதிரி தோல் தொங்கியது. அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டிய வேகத்தில் பின்கால் தடுமாறியது. பிறகு திரும்பி, தான் போட்ட மலத்தையே தின்ன ஆரம்பித்தது.

அவளுக்குத் தலையில் ஏறிய ரத்தம் கண்ணை மறைத்தது. கடைக்குள் அவள் நடந்து வந்த வேகத்தில் நிற அட்டை பறந்தது.

"டேய்! உள்ள ஒரு உசிரக் கட்டிப்போட்டிருக்கியே, அதுக்கு சோறு போடுறியா, இல்ல பெயின்ட்ட ஊத்துறியா?"

"அக்கா, மெதுவா... ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்! கேக்கட்டும்! தன்னோடதத் தானே தின்னுதுடா அது! எவ்வளவு பசி இருந்தா அப்படித் தின்னும்? நீ மூணு வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு ஏப்பம் விடுற, உன் பின்கட்டுல நிக்கிற நாய் பீயத் தின்னுது!"

"போடுறேன்க்கா. சத்தியமா போடுறேன். எவ்வளவு போட்டாலும்..."

"வாய மூடு! எலும்பு பொய் சொல்லாது!"

மாமனார் எழுந்து நின்றுவிட்டார். நிறம் பார்க்க வந்தவர் எந்த நிறமும் வேண்டாம் என்பதுபோல வாசல் பக்கம் நகர்ந்தார். தம்பி முகம் வெளிறிப்போய் நின்றான். அவன் எப்போதுமே இப்படித்தான். எதிர்த்து ஒரு வார்த்தை வராது. அதுவும் அவளுக்கு எரிச்சல். தப்பு செய்தவன்தானே வாயடைத்து நிற்பான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். பின்கட்டுக்குத் திரும்பிப் போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள். நாயைத் தூக்கியபோது, இவ்வளவு பெரிய நாய் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. காரின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போனாள். டின் வாங்க மறந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் நாயை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "டைகராம்," என்று அவள் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் குனிந்து அதன் முதுகெலும்பைத் தடவினார். "இப்போதைக்குக் குச்சின்னு கூப்பிடலாம். தேறினப்பறம் பாத்துக்கலாம்," என்றார். அந்தப் பெயர்தான் நின்றது.

தேற்றுவது ஒரு பெரிய வித்தையா என்ன? வஞ்சகமில்லாமல் போட்டால் தேறிவிடும். அவள் அப்படித்தான் நினைத்தாள். பெரிய பாத்திரம் வைத்து அரிசியும் கறியும் வேகவைத்தாள். கறிக்கடையில் கொழுப்பாகப் பார்த்துக் கேட்டு வாங்கினாள். அதன்மேல் ஒரு கரண்டி வெண்ணெய். காலையில் பாலும் முட்டையும். குச்சி தலையைத் தட்டில் விட்டால் தட்டு சுவர் வரைக்கும் நகர்ந்துபோகும், அவ்வளவு வேகம். வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும், இன்னும் இருக்கிறதா என்று. அவளும் போடுவாள். போடும்போதெல்லாம் தம்பியைத் திட்டுவாள். "பாருங்க, எப்படிக் காஞ்சுபோயிருந்தா இப்படி விழும்! நல்லா இருப்பானா அவன்?"

நாய் தேறவில்லை.

முதலில் அவள் அதை நம்பவில்லை. நேற்றைவிட இன்று கழுத்து கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது என்பாள். கணவர் பதில் சொல்லாமல் வாளியும் துடைப்பமுமாகக் கொல்லைப்புறம் போவார். அங்கேதான் உண்மை கிடந்தது. தின்றதைவிட அதிகமாக வெளியே போனதோ என்று சந்தேகப்படும்படி குவியல் குவியலாக, வெளிறிய நிறத்தில், எண்ணெய் மினுக்கத்தோடு, தெரு முனைவரை போகிற நாற்றத்தோடு. அசந்தால் குச்சி அதையும் தின்னப் போகும். "வயிறு நெறையச் சோறு போட்டும் உனக்கு என்னடி குறை, ஏன் அதைப் போய் மோக்குற?" என்று அவள் கத்துவாள். அது ஆண் நாய். கோபம் வந்தால் அவளுக்கு ஆண் பெண் தெரியாது.

நாய்ச் சாமான் விற்கிற கடைக்காரன் ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். டப்பாமேல் பயில்வான் மாதிரி ஒரு நாய் நின்றது. "இதைக் கலந்து குடுங்க மேடம், கும்முனு ஆயிடும்," என்றான். கும்மென்று ஆனது கொல்லைப்புறம்தான். காலி டப்பாவை அவன் கல்லாமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இந்தப் படத்துல இருக்கிற நாய் உன் பவுடரத் தின்னுச்சா, இல்ல உன்ன மாதிரி ஒருத்தன முழுங்குச்சா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் நடந்து போனாள். ஸ்கூட்டரில் போன ஒரு நடுவயது மனிதர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, நாய் வளக்கணும்னா அதுக்குச் சோறும் போடணும். தெரியுமா?"

அவளுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. யாரிடம் பேசுகிறார்?

"நீங்க மட்டும் நல்லா இருக்கீங்க. இந்த வாயில்லாத ஜீவனப் பாருங்க. உங்க மாதிரி ஆளுங்க மேல கேஸ் போடணும்."

பிரேக் அக்கா வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது கிடையாது. இவ்வளவு கறி, இவ்வளவு முட்டை, இவ்வளவு வெண்ணெய், எல்லாவற்றையும் இந்த ஆளிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் வந்த வார்த்தை, "போடுறேங்க... நான் போடுறேன்..." என்பதுதான். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டார். இந்தக் கதையெல்லாம் எத்தனை கேட்டிருக்கிறேன் என்பதுபோல ஒரு ஆட்டல். வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு வசவு வந்தது. வீடு வரும் வரைக்கும் திட்டினாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டினாள். கணவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "நான் நாயப் பட்டினி போடுறேனாம்! நான்! ஒரு வார்த்தை விசாரிக்காம, பாத்த மாத்திரத்துல முடிவு பண்ணிட்டான் மனுஷன்!" என்றாள். அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு உறைத்தது. உறைத்ததால் இன்னும் கோபம் வந்தது. அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாய் மட்டும் மூன்று பேர் பங்கையும் சாப்பிட்டது.

அப்போது அவளிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒரு இளம்பெண் இருந்தாள். மெல்லிய குரல், பெரிய கண்ணாடி. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். கால்நடை டாக்டர் என்று சேரும்போதே சொல்லியிருந்தாள்தான். ஆனால் கிளட்ச்சை விடத் தெரியாத ஒருத்தி என்ன டாக்டராக இருந்தால் என்ன என்பது பிரேக் அக்காவின் எண்ணம். மறுநாள் வகுப்பு அவளுக்கு. பள்ளிக்கூட மைதானத்துச் சுவர் ஓரமாக வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பிரேக் அக்காவின் மனசு காரில் இல்லை.

"லெப்ட்ல ஒடி... ஒடிம்மா! சுவத்துக்கு வலிக்காது, வண்டிக்குத்தான் வலிக்கும்! எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு எல்லாம். வீட்ல ஒரு நாய், பானை பானையாத் தின்னுது, ஒரு சுத்து சதை புடிக்க மாட்டேங்குது. இங்க ஒரு டாக்டரு, ரெண்டு அடி ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்குது..."

கார் நின்றது. அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. டாக்டர் பெண்தான் மிதித்திருந்தாள்.

"என்ன சொன்னீங்க? நிறைய சாப்பிடுதா?"

"ஆமா. கியர நியூட்ரலுக்குக் கொண்டா."

"என்ன ஜாதி நாய்? என்ன வயசு?" குரல் மாறியிருந்தது. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். "மலம் எப்படிப் போகுது? நிறைய போகுதா? வெளுத்த மாதிரி, எண்ணெய் மாதிரி, ரொம்ப நாத்தமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதையே திரும்பத் திங்கப் பாக்குதா?"

பிரேக் அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. தண்ணி மட்டும் வைக்கலாம். சாப்பாடு ஒரு வாய்கூடக் கூடாது. ரத்தம் எடுக்கணும்." சொல்லிவிட்டு, எந்த நினைப்பில் இருந்தாளோ, ரிவர்ஸ் போட்டுச் சுவருக்கு ஒட்டினாற்போல் நேர்கோடாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை சாப்பாடு இல்லை என்றதும் குச்சி ஊளையிட்ட ஊளையில் தெருவே எட்டிப் பார்த்தது. "கேளுங்க, எல்லாரும் கேளுங்க, நான் பட்டினி போடுறேன்னு சொல்லுங்க!" என்று அவள் வாசலில் நின்று கத்திவிட்டு நாயை ஏற்றிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் பெண் அவளை உட்காரவைத்துச் சொன்னாள்.

வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது. சாப்பாட்டைக் கரைக்கும் சாற்றைச் சுரப்பது அதுதான். இந்த நாய்க்கு அது வேலை செய்வதை அநேகமாக நிறுத்திவிட்டது. இந்த ஜாதியில் சில நாய்களுக்கு இளம் வயதிலேயே இப்படி வரும். உள்ளே போகிற சாப்பாடு கரைவதில்லை, உடம்பில் ஒட்டுவதில்லை, போனபடியே வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் ஓயாத பசி. அதனால்தான் மலத்தையும் விடுவதில்லை.

"அப்ப... பட்டினி போட்டதால வந்ததில்லையா?"

"இல்லைங்க. யாரு எவ்வளவு போட்டிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். நீங்க என்ன குடுத்திட்டிருக்கீங்க?"

அவள் சொன்னாள். கொழுப்புக் கறி, வெண்ணெய், பால். சொல்லச் சொல்ல டாக்டர் பெண்ணின் புருவம் ஏறியது.

"வெண்ணெயா? அக்கா, சாதாரணச் சாப்பாட்டையே கரைக்க முடியாத வயிறு. அதுக்கு வெண்ணெயும் கொழுப்புமா? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? முதல் நாளே இங்க கூட்டிட்டு வந்திருக்க வேண்டாமா? ஏன் ஒருத்தரையும் கேக்கல?"

அந்த மெல்லிய குரலில் இருந்த அதட்டலுக்கு பிரேக் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் மருந்து எடுத்துவர உள்ளே போனாள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா தொழிற்சாலைக்குப் போனால் தம்பிக்குச் சோறு ஊட்டுவது அவள் வேலை. அவளே அப்போது சின்னப் பெண். தம்பி எலும்பும் தோலுமாக இருந்தான். எது கொடுத்தாலும் உடம்பில் ஒட்டவில்லை. "பெரியவ அவன் பங்கையும் முழுங்கிடுறா போல இருக்கு," என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் போகிற போக்கில் சொன்னாள். அம்மா கரண்டிக் காம்பால் அடித்தாள். போட்டேன்மா, நான் போட்டேன்மா என்று அவள் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. தன் சோற்றிலிருந்தும் அவனுக்கு எடுத்துப் போட்டவள் அவள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை நினைத்தால் இன்றைக்கும் பல் நறநறக்கும். இப்போது, நாய் மருத்துவமனைப் பெஞ்சில், அந்தப் பொம்பளையின் முகத்தை நினைத்துப் பார்த்தால் அங்கே தன் முகம் வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் கோபத்துக்கு எப்போதும் யாராவது எதிரில் இருப்பார்கள். அன்று எதிரில் யாரும் இல்லை. அது புதுசாகவும் பயங்கரமாகவும் இருந்தது.

மருந்தை வாங்கிக்கொண்டு, நாயோடு, நேராகத் தம்பி கடைக்குப் போனாள். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தம்பி அவளைப் பார்த்ததும் கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடை நடுவில் வைத்துக் கத்தியதைக் கடை நடுவில் வைத்துத்தான் திருப்பி எடுக்க முடியும் என்று அவளுக்குப் பட்டது. மெதுவாகப் பேசவும் அவளுக்கு வராது.

"இந்தாங்க, எல்லாரும் கேட்டுக்கங்க!" என்றாள். பெயின்ட் வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "என் தம்பி நாய்க்குச் சோறு போட்டான்! நல்லாத்தான் போட்டான்! அதுக்கு உள்ளுக்குள்ள வியாதி. நான்தான் கண்ணு மண்ணு தெரியாம அவனக் கேவலப்படுத்திட்டேன்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவர் மரியாதைக்குத் தலையாட்டினார். குச்சி தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் வாலை ஆட்டி ஒரு காலி டின்னைத் தள்ளிவிட்டது.

தம்பி அழுவான், அல்லது "பரவால்லக்கா" என்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் முகம் சிவந்தது.

"இப்ப வந்து சொல்ற," என்றான். "அன்னிக்கு என் மாமனார் முன்னாடி, கடைக்கு வந்தவங்க முன்னாடி, என்ன என்னவெல்லாம் கேட்ட? எங்க வீட்ல அதுக்கு மேல ரெண்டு வாரம் யாரும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. சொந்த அக்காவே சொல்றாங்கன்னா உண்மையாத்தான் இருக்கும்னு என் பொண்டாட்டியே சொன்னா. நான் என் தட்டுல இருந்து எடுத்துப் போட்டிருக்கேன் அதுக்கு! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முழுசாப் பேச விட்டியா என்னை? என்னிக்காவது விட்டிருக்கியா?"

அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. சின்ன வயசிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அவள் முன்னால் அவன் வாய் திறக்க முடியாதது, அவனுக்குப் பதிலாக எல்லா இடத்திலும் அவளே பேசியது, அவன் கல்யாணத்தில் புடவை நிறத்தைக்கூட அவள் முடிவு செய்தது. அவள் நின்று கேட்டாள். நடுவில் இரண்டு முறை வாய் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டாள். காலடியில் பிரேக் இருந்ததுபோல இருந்தது என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள்.

அவன் மூச்சு வாங்கி நின்றபோது, அடங்காமல் ஒன்றை மட்டும் கேட்டாள். "எல்லாம் சரிடா. ஆனா ஏன் டாக்டர்கிட்ட காட்டல?"

அவன் கீழே பார்த்தான். "பயம்க்கா. பெரிய வியாதின்னு சொல்லி, பொழைக்காதுன்னுட்டா? தெரியாம இருக்கிற வரைக்கும் அது நம்மகூட இருக்கும்னு நெனச்சேன். வீட்ல அந்த நாத்தம் தாங்கலன்னதும் பின்னாடி கொண்டாந்து கட்டிட்டேன். ஒவ்வொரு நாளும் காலைல கடையத் திறக்கவே பயமா இருக்கும், உசிரோட இருக்குமோ என்னவோன்னு."

அதற்கும் கோபம் வந்தது அவளுக்கு. நியாயமான கோபம். அதற்கு அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவனும் தடுக்கவில்லை. சமாதானம் என்று எதுவும் ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவன் போனும் செய்யவில்லை, வரவுமில்லை.

வீட்டில் சமையல் மாறியது. வெண்ணெய் போனது, பால் போனது. தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி, குழைய வடித்த சோறு, அவித்த முட்டை. ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. ஒவ்வொரு வேளையும் டாக்டர் கொடுத்த பவுடர். நாயின் கணையம் செய்யாத வேலையைச் செய்கிற பவுடர். வெதுவெதுப்பான சோற்றில் ஈரம் பார்த்து, ஒரு பருக்கை விடாமல் கலக்க வேண்டும். கலக்காமல் காய்ந்தபடி வாயில் ஒட்டினால் புண்ணாகும். சூடாக இருந்தால் மருந்து வீணாகும். நடுநடுவே ஊசி. எவ்வளவு நாளைக்கு என்று அவள் கேட்டதற்கு, "ஆயுசுக்கும்," என்றாள் டாக்டர் பெண்.

"ஆயுசுக்குமா? ஒரு வேளைகூட விடாமலா?"

"ஒரு வாய்கூட விடாம."

"இது என்ன அநியாயம்!" என்று அவள் கடவுளிடமா, கணையத்திடமா, யாரிடம் என்று தெரியாமல் சண்டை போட்டாள். வீட்டுக்கு வந்ததும் தட்டை எடுத்துக் கலக்கினாள். வகுப்புகளை நாயின் சாப்பாட்டு வேளைக்குத் தோதாக மாற்றினாள். முதலாளி முணுமுணுத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டார். நடுவில் வருகிற ஒரு வேளையைக் கணவர் கடையிலிருந்து வந்து பார்த்துக்கொண்டார். கண்ணாடி அறுத்துப் பழகிய கை, அவளைவிட நன்றாகக் கலக்கியது. அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் கொல்லைப்புறம்தான் மாறியது. குவியல் சிறுத்தது, நிறம் வந்தது, நாற்றம் அடங்கியது. கணவர் வாளியோடு போனவர் வெறும் கையோடு திரும்பி வந்து, "வந்து பாரேன்," என்று கூப்பிட்டார். ஊரில் யாராவது இதற்குப் போய்ச் சந்தோஷப்படுவார்களா? அவர்கள் இரண்டு பேரும் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு, சோறு வைத்தால் தட்டோடு சுவர் வரைக்கும் போகாமல் நின்ற இடத்தில் நின்று தின்றது. ஒரு நாள் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தது. நோய் திரும்பிவிட்டதோ என்று அவள் பதறி டாக்டருக்குப் போன் செய்தாள். "வயிறு நிறைஞ்சிருக்கும் அக்கா," என்றாள் அந்தப் பெண். பிரேக் அக்கா "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று சள்ளென்று விழுந்தாள்.

எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. முதலில் இடுப்பு மூடியது. பிறகு முதுகு. மழைக்காலம் முடிவதற்குள் விலாவைத் தடவினால்தான் தெரியும் என்று ஆனது. ரோமத்தில் மினுப்பு வந்தது. ஸ்கூட்டர் மனிதரை மறுபடி பார்த்துவிட வேண்டும் என்று அந்தத் தெருவிலேயே பல சாயங்காலம் நடந்தாள். அவர் வரவே இல்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, அவரு அங்கதான் கிளம்பி வராரு. எதுவும் சொல்லிடாதீங்க," என்றாள். தம்பி வந்தான். கையில் கோழிக்கறிப் பொட்டலம், தோல் நீக்கியது. வாசலில் நின்று உள்ளே வரலாமா வேண்டாமா என்று பார்த்தான். குச்சி பாய்ந்து அவன் மார்பில் இரண்டு காலையும் வைத்தபோது பின்னால் இரண்டு எட்டு போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டான். அந்தக் கனம் அவனுக்குப் புதுசு. அதைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவள் அடுப்படியிலேயே நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் வந்தான். நாயைத் திருப்பிக் கேட்கவில்லை. தன் வீட்டில் இந்த வேளைக் கணக்கு நடக்காது என்று அவனுக்கே தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பேச்சு என்றால் முக்கால்வாசி சண்டை. முன்னால் அவள் மட்டும் சண்டை போடுவாள். இப்போது அவனும் போட்டான். டாக்டரிடம் காட்டாததற்கு அவள் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு ஞாயிறு கேட்டாள். அவனும் ஒத்துக்கொண்டதை ஒத்துக்கொண்டு, ஒத்துக்கொள்ளாததற்குத் திருப்பிக் கத்தினான். அவள் கணவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்க் கொல்லையில் உட்கார்ந்துகொண்டார்.

நடுவில் ஒரு வாரம் குச்சிக்கு மறுபடியும் வயிறு கெட்டது. பழைய நாற்றம். பவுடர் இல்லாமல் ஏதாவது தின்றதா என்று டாக்டர் கேட்டாள். "என் வீட்ல அந்தத் தைரியம் யாருக்கு இருக்கு?" என்றாள் பிரேக் அக்கா. கணவர் மீது சந்தேகப்பட்டு அவரை ஒரு நாள் முழுக்க வறுத்தெடுத்தாள். அடுத்த ஞாயிறு, அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, தம்பி சட்டைப் பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்து மேஜைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கரண்டியோடு வந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"பாவமாப் பாத்துச்சுக்கா! அப்படிப் பாத்தா எப்படிக் குடுக்காம இருக்கிறது?"

"பாவமா? உன் பாவத்துக்கு என் கொல்லை நாறுதுடா! அவரை வேற ஒரு நாள் முழுக்கத் திட்டித் தீத்துட்டேன்!"

"அதுக்கு மாமாகிட்ட மன்னிப்பு கேளு. என்கிட்ட ஏன் கத்துற?"

இவன் இவ்வளவு பேசுவான் என்று யார் எதிர்பார்த்தார்கள்? பவுடர் டப்பாவையும் சோற்றுத் தட்டையும் கொண்டுவந்து அவன் முன்னால் டமாரென்று வைத்தாள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவன் பொறுப்பு. அவனே கலக்கட்டும், அவனே வைக்கட்டும், கடைசிப் பருக்கை வரைக்கும் பக்கத்தில் நிற்கட்டும். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கலக்க ஆரம்பித்தான். பெயின்ட் கலக்குகிறவன்தானே, சரியாகச் செய்வான் என்று பார்த்தால் நடுவில் மட்டும் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஓரத்தையும் கலக்குடா! அடியில அப்படியே நிக்குது பாரு!"

"கலக்குறேன், இரு! நீ நிக்கிறதாலதான் கை ஓட மாட்டேங்குது!"

கொல்லையில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். குச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி, தட்டு கீழே வரட்டும் என்று உட்கார்ந்து காத்திருந்தது.